இடது காலில் மூச்சு

மாணிக்கவாசகம் பியானோவிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

“சவரி, கதவத் தட்டச் சொன்னா ஒடைக்கிற.”

சவரிநாதன் டிரம்பெட்டை இறக்கி மௌத்பீஸைத் துடைத்தான். மெதுவான ஜாஸ் பாட்டு. முதல் சுரம் எப்போது தொடங்கியது என்றே தெரியக்கூடாது என்பார் மாணிக்கவாசகம். காற்று முன்பே வந்து நிற்க வேண்டும். நாக்கு சும்மா வழிவிட வேண்டும். சவரிக்கு எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும் முதல் சுரம் டமாரென்று விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. நீண்டு போக வேண்டிய வரி நடுவில் மூச்சுக்காக அறுந்தது. எங்கே அறக்கூடாதோ, சரியாக அங்கே.

மறுபடி வாசித்தார்கள். மறுபடியும் அதே இடம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன கிளப் அது. ஞாயிறு மாலைகளில் நடனம். வாரநாட்களில் வடபழனி ஸ்டூடியோக்களில் வாசித்த மாணிக்கவாசகம் அங்கே ஒரு சிறு குழுவை நடத்தினார். டிரம்பெட்காரர் பெங்களூருக்குப் போய்விட, சவரியைக் கூப்பிட்டிருந்தார். வேகமான பாட்டுகளில் குறையில்லை. மெதுவான பாட்டு வந்தால் ஆடுகிற ஜோடிகள் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தார்கள்.

“வர ஞாயித்துக்கிழமையும் இப்படின்னா சாக்ஸபோனுக்கு ஒருத்தர் இருக்காரு, அவரக் கூப்ட்டுக்குவேன். கோச்சுக்காத.”

சவரிக்கு அவர்மேல் கோபமில்லை. தன் வாய்மேல்தான்.

அவன் பட்டினப்பாக்கத்துக்காரன். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. அப்பா கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கரையில் விட்டார். மாதா கோயில் பேண்டில் டிரம்பெட் பிடித்தான். தேர்ப் பவனி, சவ ஊர்வலம். அப்புறம் வடபழனியில் வெள்ளைத்துரையின் கல்யாண பேண்டு. எல்லாமே நடந்துகொண்டு வாசிப்பது. டிரம்பெட்டின் முதல் அடி விழுந்தால்தான் பின்னால் டிரம் தொடங்கும். பஸ் இரைச்சலுக்கு மேல் அது கேட்டாக வேண்டும். ஊர்வலத்தில் யாரும் அவன் வாசிப்பைக் கேட்டதில்லை, சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். கிளப்பில் சிலராவது உட்கார்ந்து கேட்டார்கள். அந்த இடத்தை விட அவனுக்கு மனமில்லை.

வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா சுவரை இடித்தாள். கடற்கரைக்குப் போனான். காற்று சத்தத்தை வாரிக்கொண்டு போயிற்று. காதில் விழவில்லை என்று இன்னும் ஓங்கி ஊதினான். உதடு வீங்கியதுதான் மிச்சம்.

புதன்கிழமை, மீன் கடையை எடுத்துவைத்துவிட்டு அவன் மனைவி ஆரோக்கியமேரி வந்து மணலில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள்.

“எங்க போய்க்கினு கீற நீ?”

“எங்க போறேன்? நின்னுக்கினுதான கீறேன்.”

“காலப் பாரு.”

இடது கால் இருந்த இடத்தில் குழி விழுந்திருந்தது. சவரி ஒருமுறை வாசித்துப் பார்த்தான். கால் ஏறி இறங்கியது. இறங்கிய போதெல்லாம் மூச்சு இழுத்தான். ஊர்வல நடை. நின்றுகொண்டே நடந்திருக்கிறான், இத்தனை நாளும்.

காலை நிறுத்தினால் விரல் மறந்தது. விரலைக் கவனித்தால் கால் கிளம்பியது. எரிச்சலில் இரண்டு கால்களையும் கெண்டைக்கால்வரை மணலுக்குள் புதைத்தான்.

“அப்டியே மூடிட்டுப் போவட்டா?” என்றாள் மேரி. கடலுக்கு எதற்குக் கச்சேரி, இந்தப் பக்கம் திரும்பு என்றும் சொன்னாள்.

திரும்பினான். எதிரே அவள் முகம். அதில் போய் அறைய முடியாது. மூச்சை மட்டும் விட்டான். சுரம் அதோடு சேர்ந்து வந்தது. வரி அறுந்துவிழும் இடத்தைத் தாண்டிப் போயிற்று. அடுத்த தடவை சொதப்பினான். அதற்கடுத்தது சரியாக இருந்தது. இருட்டும்வரை அங்கேயே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் மணல் இல்லை. முதல் மெதுவான பாட்டில் இடது கால் பலகையில் டொக் டொக்கென்றது, வரி அறுந்தது. மாணிக்கவாசகம் பியானோவுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அடுத்த மெதுவான பாட்டுக்கு முன் சவரி இறங்கிப் போய், குளிர்பானம் விற்கும் இடத்திலிருந்து உயரமான ஸ்டூலைத் தூக்கி வந்தான். ஏறி உட்கார்ந்தான். கால்கள் தொங்கின.

“இன்னா மாமா, முடிவெட்டிக்கப் போறியா?” என்றான் டிரம் வாசிக்கும் பாண்டுரங்கன்.

சவரி டிரம்பெட்டை உதட்டில் வைத்தான். முதல் வரிசை மேஜையில் இருந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை விட்டான். ஜோடிகள் யாரும் திரும்பவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்கள். வரி கடைசிவரை போயிற்று. அந்த அம்மாள் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

பியானோவை மூடும்போது மாணிக்கவாசகம் சொன்னார்: “ஒரு ஸ்டூலுக்காடா என் உயிர வாங்கின?”

அடுத்த வாரமும் ஸ்டூல் அங்கேயே இருக்கட்டும் என்று கிளப் ஆளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வடபழனியில் மாப்பிள்ளை அழைப்பு. சவரியின் முதல் சுரம் மெதுவாக வந்தது. டிரம்காரர்கள் தொடங்கவில்லை. மாப்பிள்ளையின் கார் நின்றது. வெள்ளைத்துரை வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றான் சவரி. மறுபடி ஓங்கி ஊதினான். டிரம் தொடங்கியது. மண்டபம்வரை நடந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினான். உட்கார இடம் கிடைத்தது. காலை ஆட்டாமல், மூச்சை மட்டும் மெதுவாக விட்டுப் பார்த்தான்.