ஒரு சொட்டு ஒழுகாத என்ஜின்

தோத்தாத்ரிக்கு ஒழுகும் குழாயைக் கண்டால் ஆகாது. தணிக்கை அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் கணக்கில் ஓட்டை தேடியவர், ஓய்வு பெற்று முடிச்சூர்ப் பக்கம் ஒரு காலனியில் குடியேறிய பிறகு அடுத்தவர் மொட்டைமாடியில் தேட ஆரம்பித்தார். காலை நடைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் ஓட்டை அடைக்கும் எம்சீல் இருக்கும். எங்காவது தண்ணீர்த் தொட்டி கசிந்தால் போதும், வீட்டுக்காரரை எழுப்பி, கறுப்பையும் வெளுப்பையும் அவர் கண்ணெதிரிலேயே சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து அப்பிவிட்டுத்தான் நகர்வார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற இடத்தில் இது பெரிய புண்ணியம் என்பதை மறுக்க முடியாது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி அவரைத் தேடி வந்தது. வேறு யாரும் அதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

"ஊர்ல ஒழுகறதையெல்லாம் அடைக்கிறேள். நம்மாத்து சிங்க் அடைச்சுண்டு நிக்கறது. திறந்து விடறதுக்கு மட்டும் உங்களுக்கு வராது" என்பாள் அவர் மனைவி அபிதகுஜாம்பாள். அவர் காதில் விழாது.

கோடையில் குடம் தூக்கும் அதே காலனி ஐப்பசி, கார்த்திகையில் ஏரியாகிவிடும். முன்பு ஏரியாக இருந்த இடம்தானே, பழக்கம் விடவில்லை. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு படகு வாங்க வேண்டும் என்று தோத்தாத்ரி கூட்டத்தில் சொன்னபோது, எதிர் வீட்டு டேனியல் எழுந்தார்.

"படகு எதுக்கு சார்? கால்வாயைத் தூர் வாரச் சொல்லி ஒரு மனு கொடுங்க, போதும்."

"மனு கொடுத்தாச்சு. மழையும் வந்துடும். உங்க வீட்டு டீச்சரை யாரு தாம்பரத்துக்குக் கூட்டிண்டு போவா?"

டேனியலின் மனைவி மெட்டில்டா சேலையூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபின், வாரத்துக்கு மூன்று முறை தாம்பரம் மருத்துவமனையில் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்துதான் குடிக்க வேண்டும்.

"எவ்வளவு மழை பெய்தாலும் டீச்சர் ஒரு டயாலிசிஸைக்கூடத் தவற விட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்றார் தோத்தாத்ரி. அதற்கு மேல் யார் எதிர்ப்பது?

கோவளத்தில் ஆபேல் என்ற மீனவர் தம் பழைய ஃபைபர் படகை, பின்னால் மாட்டும் என்ஜினோடு விற்கத் தயாராக இருந்தார். தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டினார். ஓட்டம் ஜோர். ஆனால் என்ஜினின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டே இருந்தது. தோத்தாத்ரிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என்னப்பா, இப்படி ஒழுகறதே?"

"அது அப்டித்தான் சார் ஊத்திகினே இருக்கும். ஊத்தினாத்தான் நல்லது. ஊத்தலைன்னாதான் பேஜாரு."

விற்கிறவர் வேறென்ன சொல்வார்? பழைய ஸ்கூட்டர் விற்பவர்கள் புகை வருவதையும் நல்லது என்றுதான் சொல்கிறார்கள். வியாபார சாமர்த்தியம் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, படகு வந்து இறங்கிய அன்றே அந்த ஓட்டையை அடைத்தார். எம்சீல் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரும்பாக இறுகிவிட்டது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் கார் ஷெட்டில் என்ஜினை ஸ்டாண்டில் மாட்டி ஓட்டுவார். வண்டியை ஓட்டாமல் வைத்தால் கெட்டுவிடும் அல்லவா? டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதற்குள் ஓட்டலாமே என்று யாரோ கேட்டதற்கு, "ஒரு டிரம் தண்ணியை இதுக்குப் பாழாக்கறதா?" என்று சீறினார். ஓட்டி முடித்ததும் வெள்ளைக் கைக்குட்டையால் என்ஜினைத் துடைத்து எல்லோருக்கும் காட்டுவார். ஒரு சொட்டு ஈரம் இருக்காது.

கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது. மேட்டுப்புறத்து ஏரி நிரம்பி வழிய, தெருவில் இடுப்பளவு தண்ணீர். அன்று மெட்டில்டாவின் டயாலிசிஸ் நாள். கால் வீங்கியிருந்தது, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அன்றைக்குத் தவறவே கூடாது என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மெயின் ரோட்டில் மருத்துவமனை வேன் நிற்கும், அதுவரை கொண்டுவந்தால் போதும்.

தோத்தாத்ரி வேட்டிக்கு மேல் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு வந்தார். டேனியல் தம் மனைவியைத் தூக்கிப் படகில் உட்காரவைத்துத் தானும் ஏறிக்கொண்டார். முதல் இழுப்பிலேயே என்ஜின் உறுமியது. பால்கனிகளில் கைதட்டினார்கள். தோத்தாத்ரி கையசைத்தார்.

இரண்டாவது தெரு திரும்பியதும் என்ஜின் கீச்சென்று அலறியது. ரப்பர் கருகும் நாற்றம். அப்புறம் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்த தோத்தாத்ரி கையை உதறிக்கொண்டார்.

"சூடாயிடுத்து. தண்ணி இல்லை போலிருக்கு. இதுக்கு எங்க தண்ணி ஊத்தறது?"

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதற்கு நடுவே இரண்டு பேரும் மூடி தேடினார்கள். மூடி இல்லை. கடைசியில் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவியபோது, அடியில் சல்லடை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது.

"அட, இது தானே இழுத்துக்கும்!" என்றார் தோத்தாத்ரி.

"இழுக்கற தண்ணி எல்லாம்... எந்த வழியா சார் வெளிய போகும்?" என்று கேட்டார் மெட்டில்டா.

தோத்தாத்ரி தாம் அடைத்த ஓட்டையைப் பார்த்தார். வீட்டுச் சாவியால் எம்சீலைக் குத்திக் குத்திப் பெயர்த்தார். சூடு தணியும்வரை காத்திருந்து கயிற்றை இழுத்தார். என்ஜின் ஓடியது. ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. மறுபடியும் அலறல். தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் சக்கரம், ஞாயிறுதோறும் வறட்டு ஓட்டம் ஓடியதில் எப்போதோ தேய்ந்து கருகிப் போயிருந்தது. அந்த ஓட்டை திறந்திருந்தால், தண்ணீர் பீச்சாததே முதல் வாரத்தில் காட்டிக்கொடுத்திருக்கும்.

தோத்தாத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். டேனியல் முன்னால் இழுக்க, அவர் பின்னால் தள்ளினார். மெட்டில்டாவின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது நின்றுவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு அடிக்கும் பெருமாளைக் கூப்பிட்டபடி தள்ளினார்.

மெயின் ரோட்டில் வேன் காத்திருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டிரைவர். மெட்டில்டாவை உள்ளே ஏற்றியதும் தோத்தாத்ரி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நான்தான் அதை அடைச்சேன். ஒழுகறதுன்னு நினைச்சேன்."

கூட்டம் நடந்த நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்ட டேனியல் வாயைத் திறந்தார். மெட்டில்டா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தார்.

"உள்ள போற தண்ணி வெளிய வரலைன்னா என்ன ஆகும்னு... எதிர் வீட்டுலதானே சார் இருக்கேன்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"