தெள்ளுக் காய்ச்சல்

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் எலி பிடிக்கும் வேலை. சுகாதார அலுவலகத்துச் சம்பளம். சாயங்காலம் அரிசிக் கிடங்குகளில் கருவாட்டுத் துண்டு மாட்டிக் கூடுகளை வைப்பேன். காலையில் எலி விழுந்த கூட்டைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, சைக்கிளில் கொண்டுவருவேன். பைக்குள் ஈதர் விட்டு எலியை மயக்கி, வெள்ளைத் தட்டின் மேல் பிடித்துப் பேன்சீப்பால் வாருவேன். தெள்ளுப்பூச்சிகள் உதிரும். எங்கள் ஆபீஸ் டாக்டர் அவற்றை லென்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்வார். கப்பல் வழியாகப் பிளேக் வந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது.

தெள்ளை மலையாளத்தில் செள்ளு என்பார்கள். பஜாரில் என்னையே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சாயாக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கிளாஸோடு எழுந்துவிடுவார். கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்தவன். சொந்தக்காரர் யாரும் அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமலே போயிருக்கிறது.

ஒரு கிடங்கில் சாக்கு தைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கிடங்குக்குப் பின்னால் ஒரு அறையில் மஞ்சள் பூனை ஒன்றோடு இருந்தார். ஒருநாள் கூடு வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமோ? எனக்குப் பேச்சு மட்டும்தான். பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம்."

பொள்ளாச்சியில் இருந்த தங்கை எழுதிய கடிதம். வாசித்துக் காட்டினேன். நான் தள்ளி நின்று வாசித்ததைப் பார்த்து, "இங்க வந்து இரி தம்பி. செள்ளு என்னைக் கடிச்சா நான் திருப்பிக் கடிச்சுக்கறேன்" என்று சிரித்தார். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது அவர் அறை வாசலில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயா குடிப்பேன். பூனை என் கால்மேல் படுத்துக்கொள்ளும்.

ஒரு வருஷம் அப்படி ஓடியது. மார்ச் மாத வெயிலில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. தலையைப் பிளக்கும் வலி. பக்கத்து டாக்டர் போட்ட பென்சிலின் ஊசி எதற்கும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் படகில் எர்ணாகுளம் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் போனபோது, "வயிறெல்லாம் சிவப்பாப் பொரிஞ்சிருக்கு தம்பி" என்றார் முனகிக்கொண்டே.

எங்கள் டாக்டர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எலித்தெள்ளு பிளேக்கை மட்டும் சுமப்பதில்லை. கடித்த இடத்தில் எச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். சொறிந்தால் அதிலுள்ள கிருமி உடம்புக்குள் இறங்கிக் காய்ச்சல் வரும். சுமக்கும் எலிக்கோ ஒன்றும் ஆகாது. வார்டில் இருந்த இளம் லேடி டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"இது ஆரு பறஞ்ஞது?"

"எங்க ஆபீஸ் டாக்டர்."

"நீங்க என்ன ஜோலி செய்யுது?"

"எலி பிடிக்கிறேன்."

அவர் எழுந்து கட்டிலுக்கு வந்தார். பிறகு அக்காவின் வயிற்றையும் முதுகையும் பார்த்தார். எங்கள் ஆபீசுக்கு போன் போட்டார். அன்றைக்கே டெட்ராசைக்ளின் மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

அக்கா சாவியைக் கொடுத்து, "பூனைக்கு மத்தி மீன் வாங்கிப் போடு" என்றார். போட்டேன். பிறகு ஒரு சந்தேகத்தில் பூனையைச் சீப்பால் வாரினேன். பதினொரு தெள்ளுகள். லென்ஸில் பார்த்த எங்கள் டாக்டர், "எலிமேல இருக்கிற அதே இனம்தான். கிடங்குக்கும் அந்த அறைக்கும் டிடிடி பூச்சிமருந்து போட்டுடு" என்றார்.

நானே போட்டேன். மூலை முடுக்கு, பாய், பூனை படுக்கும் சாக்கு, ஒன்றும் விடவில்லை. பூனையை அன்று வெளியே விட்டிருந்தேன். மறுநாள் கதவைத் திறந்ததும் அது நேராகப் போய்த் தன் சாக்கில் படுத்து, பாதங்களை நக்க ஆரம்பித்தது. இரண்டு நாளில் உடம்பு உதறியது. அதற்கு அடுத்த நாள் செத்துவிட்டது. பூனைக்கு அந்த மருந்து ஆகாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் மருந்து போட்ட கிடங்குகளில் பூனைகள் செத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவோடு திரும்பும்போது படகில் சொல்ல நினைத்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அறைக்குள் நுழைந்ததும் அக்கா பூனையைக் கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு என்னைப் பார்த்தார்.

"செத்துப்போச்சு அக்கா. மருந்தை நக்கிடுச்சு."

"ஆரு மருந்து போட்டது?"

"நான்தான். அது மேலயும் தெள்ளு இருந்தது. அதுலேருந்துதான் உங்களுக்கு..."

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். "பூனை அஞ்சு வருஷமா எங்கூட இருந்துச்சு தம்பி. ஒரு பனியும் காய்ச்சலும் வந்ததில்ல. நீ வந்து ஒரு வருஷந்தான் ஆச்சு."

என் துணிப்பையிலிருந்தா, சட்டையிலிருந்தா, கிடங்கு எலியிலிருந்தா, அந்தத் தெள்ளு எங்கிருந்து வந்தது என்று எங்கள் டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அவரிடம் பலமுறை கேட்டுவிட்டேன்.

அடுத்த மாதமே அக்கா கொஞ்சம் தள்ளியிருக்கும் தோப்பும்படியில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அந்தக் கிடங்கில் கூடு வைக்க வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். வேறு ஆள் இல்லை.

எண்பத்திரண்டிலோ மூன்றிலோ, தோப்பும்படி பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

"சுகந்தானே தம்பி?"

"சுகம் அக்கா. நீங்க?"

"இருக்கேன். நீ ரொம்ப மெலிஞ்சு போயிட்டே."

பஸ் வந்தது. முன்பக்கமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கும் அதே பஸ்தான். ஏறவில்லை. அடுத்தது வர இருபது நிமிஷம் ஆனது.