வித்தின்மேல் போட்ட பழி

பெரியப்பா, அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது நீங்கள். விதியல்ல, ஆண்டவருமல்ல.

என் அப்பாவின் அண்ணனைத்தான் சொல்கிறேன். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் என் மாமா மகளுக்கு மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. மணமக்கள் பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும். யாரும் எழுந்திருப்பதில்லை. அன்று பெரியப்பா எழுந்தார்.

"பொண்ணோட அப்பனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. வித்து கெட்டா கன்னு எப்படி நல்லா வரும்? பால்மரம் நடுற நமக்குத் தெரியாதா?"

மாமா முன்வரிசையில் இருந்தார். பெரியப்பா பேசப் பேச முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். வெட்கத்தில் திருப்பினார் என்று சபை நினைத்தது. அது ஒரு தடையே இல்லை என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். பாலிங்கிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பூசை முடியக்கூடக் காத்திருக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. பால்மரம் வெட்டுபவர், ரப்பர் பாலுக்காகப் பட்டையைக் கோடாகச் சீவுகிற வேலை. முப்பது வயதைத் தாண்டியதும், மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கண்ணின் நடுப்பகுதி மங்கியது; சில மாதங்களில் மற்றதும். ஓரப்பார்வை மட்டும் மிஞ்சியது. நேராகப் பார்த்தால் வெட்டுக்கோடு தெரியாது. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்தியது. "என்னடா, காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். "ஊத்தலண்ணே, மரத்துக்குத்தான் நடுவுல ஓட்டை விழுந்துருச்சு" என்றார் மாமா. அதன்பிறகு அவருக்குப் புல்வெட்டு வேலைதான்.

என்னைப் பார்க்கவேண்டுமென்றால் தலையைத் திருப்பி, எனக்குப் பக்கத்திலிருக்கும் சுவரைப் பார்ப்பார். "காது நல்லா தெரியுது புள்ள. மூக்கைக் கோழி கொத்திட்டுப் போச்சா?" என்பார். முகத்தைத் திருப்புவதுதான் அவர் பார்க்கிற விதம். அன்று சபையிலும் அதைத்தான் செய்தார். தன் மகளின் வாழ்க்கையைக் கெடுக்கிறவனின் முகத்தைப் பார்க்க முயன்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம், "என் ரத்தம்தான்மா உன்னைக் கெடுத்துருச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் வேடிக்கை பேசி நான் கேட்கவில்லை. அப்படியே நம்பிக்கொண்டுதான் செத்தார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அதே பெரியப்பாதான். "பொண்ணோட அப்பன் கண்ணு நல்ல கண்ணு" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு ஓலை வாசித்தபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மாமா இறந்த மறுவருடம் என் தம்பியின் கண் அதே மாதிரி நடுவில் மங்கியது. "மாமன்கூடவே சுத்துனான்ல, ஒட்டிக்கிச்சு" என்றார் பெரியப்பா. தம்பியைப் பினாங்குக்கு ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அப்பாவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இப்படி ஆனதா என்று கேட்டார். மாமாவைச் சொன்னேன். மாமாவுடைய தாய்மாமனுக்கும் இப்படித்தான் என்று அம்மா சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது. டாக்டர் தலையசைத்தார். இது தாய்வழியாக மட்டும் இறங்குவது, கண் போன ஆண் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்றார்.

காரணம் பிறகுதான் விளங்கியது. உடம்பின் உயிரணுக்களுக்குள், குரோமோசோம்கள் இருக்கும் உட்கருவுக்கு வெளியே, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்துகள்கள் இருக்கின்றன. உயிரணுவுக்குச் சக்தி தருபவை அவை. தங்களுக்கென்று தனியாக ஒரு மரபுச் சரடு வைத்திருக்கின்றன. அதைத் தாமே படியெடுத்துத் தாமே பெருகுகின்றன. பிள்ளைக்கு அவை தாயின் கருமுட்டையிலிருந்து வருகின்றன. தகப்பனுடையவை பிள்ளையிடம் தங்குவதில்லை. அந்தச் சரடில் ஒரு பிழை இருந்தால் தாய் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறாள். கண் போவது பெரும்பாலும் ஆண்களுக்கு. மாமன், மருமகன், அவனுடைய மருமகன் என்று எங்கள் கண்ணெதிரே இறங்கி வந்திருக்கிறது. தகப்பனை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஆக, மாமா மகளிடம் அந்தக் குறை இல்லை. என்னிடம் இருக்கிறது. எனக்கு ஒரு மகன் இருக்கிறான். அவன் புத்தகத்தை நேராகப் பிடித்துப் படிக்கிறானா என்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். இதற்காக யார் கல்யாணத்தையும் நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் பெரியப்பாவின் நியாயப்படி நிறுத்துவதென்றால், நிறுத்தியிருக்கவேண்டியது என்னுடையதை.

மாமா மகள் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தனியாகத்தான் இருக்கிறாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். "எனக்குக் கல்யாணம் காட்சியெல்லாம் வேணாம்லா. எங்கப்பா மேல போட்ட பழி போகணும், அவ்வளவுதான்" என்றாள்.

பெரியப்பாவிடம் போனேன். "செத்தவனை ஏன்மா கிளறுற? வேணும்னா அந்தப் புள்ளகிட்ட வீட்டுல வச்சு ஒரு வார்த்தை சொல்றேன்" என்றார்.

வீட்டில் சொல்வது எதற்கு, பெரியப்பா? பழியை வீட்டுக்குள்ளா போட்டீர்கள்? இப்போதும் முன்வரிசையில்தான் உட்காருகிறீர்கள். இப்போதும் ஓலை வாசிக்கிறார்கள், தடை உண்டா என்று கேட்கிறார்கள். வருகிற ஞாயிறு, அன்று நின்ற அதே இடத்தில் எழுந்து நில்லுங்கள். அவன் வித்தில் குறையில்லை, நான் சொன்னது தப்பு என்று சபை கேட்கச் சொல்லுங்கள். மாமா மகள் வந்திருப்பாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். உங்களை நேராகவே பார்ப்பாள்.