கன்னியம்மா அக்காவின் இடது கன்னம்

திங்கட்கிழமை காலை பார்லரில் துண்டுகளை அலசிக்கொண்டிருந்தேன். மேடம் போனைக் காதில் வைத்தபடியே என் பக்கம் திரும்பி, "கன்னியம்மா பூட்டாங்களாம்டி. நெஞ்சு வலியாம்" என்றார். எங்கே போய்விட்டார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். துண்டிலிருந்து நீர் சொட்டுவது தெளிவாகக் கேட்டது. வெள்ளிக்கிழமைதான் ஃபேஷியலுக்கு வந்து படுத்துவிட்டுப் போயிருந்தார்.

அவரோடு நடவுக்குப் போனவர்களுக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும்தான். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு வந்த மங்கு, இரண்டு கன்னங்களிலும் டீ சிந்திக் காய்ந்ததுபோலப் படர்ந்திருக்கும். வெயிலுக்குக் கண்ணை இடுக்கி இடுக்கி ஓரங்களில் சுருக்கம் விழுந்திருந்தது. அதற்காகத்தான் இரண்டு வருடமாக, மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உத்திரமேரூரில் நான் வேலை செய்யும் பார்லருக்கு வந்தார்.

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு வார்த்தை வராது. முதல் நாள் நான் தலை குனிந்தே நின்றதைப் பார்த்து அவரே சொன்னார்: "நான் கண்ண மூடிக்கறேன் கண்ணு. நீ பாட்டுக்குப் பண்ணு." ரோஜா நிறத் திரை வழியே வரும் வெளிச்சம், ஆவியின் வெதுவெதுப்பு, மின்விசிறிச் சத்தம். சிறிது நேரத்தில் உறங்கிவிடுவார். உறக்கத்தில் விரல்கள் மட்டும் அசையும், நாற்று நடுவதுபோல. தண்ணீர் நிறைந்த வயல் ஒன்று எங்கள் இருவரையும் சுற்றி மெதுவாக அசைந்துகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

மேடம் சொல்லி, காஞ்சிபுரத்தில் தோல் டாக்டரையும் பார்த்துவந்தார். மங்கு முழுதாகப் போகாது, குறையும், வெயிலில் அலையாதீர்கள் என்றாராம் டாக்டர். "சூரியன்கிட்ட லீவு லெட்டரா குடுக்க முடியும்?" என்று அக்கா எங்களிடம் கேட்டார். டாக்டர் கொடுத்த சன் ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு வயலில் இறங்கினால் கூட இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

"இன்னாடி, மூஞ்சிக்கு சுண்ணாம்பு அடிச்சிகினு வந்துகீற?"

"பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்ன பிரைமர் அடிக்கல? அதான்டி."

இதை எங்களிடம் சொல்லி அவரே சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு சன்னலருகே போவார். அப்போது சிரிப்பு நின்றுவிடும். "இடது பக்கம் கொறஞ்சிகினு வருது. உனுக்குத் தெரியுதா, சொல்லு." எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை. "ஆமாக்கா, கொறஞ்சிருக்கு" என்பேன். அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதை இரண்டு வருடம் சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அவர் மகன் சேகர் அண்ணன் பார்லருக்கு வந்தார். அஞ்சலி பேனருக்கு அம்மாவின் தெளிவான படம் வீட்டில் இல்லை. மேடம் மாதாமாதம் எல்லோரையும் வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்துவைப்பார். கடைசி வெள்ளிக்கிழமை எடுத்ததை பேனர் கடைக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் திருத்திய படம் வந்தது. மங்கு இல்லை. சுருக்கம் இல்லை. மெழுகில் செய்த யாரோ ஒருவர்.

"பாத்தியா, மங்கே இல்ல. அம்மாவுக்கு இதான ஆச?" என்று அண்ணன் அழுதார்.

அது உண்மைதான். மேடத்தின் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். முதல் மாதம். கடைசி மாதம். மறுபடி முதல் மாதம். இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு நிறம் வெளுத்திருந்தது. வலது பக்கம் அப்படியே இருந்தது. நிஜமாகவே குறைந்திருக்கிறது.

"அண்ணா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "கடக்காரரு ஒரேடியா அழிச்சிட்டாரு. அக்காவுக்கு நெஜமாவே கொறஞ்சிருந்தது. இங்க பாருங்க."

இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியும்ணா. அவங்கதான் மொதல்ல பாத்தாங்க."

திருத்தாத படத்தையே பேனரில் போட்டார்கள்.

போன வாரம் வேறொரு அக்கா ஃபேஷியல் முடிந்து எழுந்து உட்கார்ந்து, "சுருக்கம் போச்சா?" என்று கேட்டார். குனிந்து, அவசரப்படாமல் பார்த்து, "இல்லக்கா, இன்னும் இருக்கு" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கன்னியம்மா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒரு முகத்தை முழுதாகப் பார்க்காமல் இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.