பெட்டிமேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டவர்கள்

எங்கள் ஆபீஸில் ஆளை வேலையிலிருந்து நிறுத்தக் கடிதம் எல்லாம் தரமாட்டார்கள். காலையில் வாசலில் அடையாள அட்டையைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரியும். கதை முடிந்தது. எங்கள் வரிசையில் மூன்று பேருக்கு எரிந்த பிறகு, மிச்சமிருப்பவர்களை உற்சாகப்படுத்த, ஒரு சனிக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கம்பெனி வண்டியில் ஏற்றி, மியூசியத்தில் போட்டிருந்த, அந்தக் காலத்து ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் கப்பல் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள்.

நுழைவாயிலில் ஒரு தடுப்பு, பக்கத்தில் சின்னக் கறுப்புக் கருவி. கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக் கை தானாக எடுத்துத் தட்டிவிட்டது. சிவப்பு.

நாற்பத்தெட்டு வயது, காலேஜில் ஒரு மகள். அட்டையைச் சட்டையில் துடைத்தேன். மறுபடி தட்டினேன். சிவப்பு. “சனிக்கிழமை கூடவாடா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“சார், ஆபீஸ் கார்டு இங்க பேடா சார். டிக்கெட்ட காட்டுங்க” என்றார் காவலர், பாதி கன்னடத்தில்.

பின்னால் நின்ற நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லிங்கராஜபுரத்துக்காரன், பதினாறு வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. “குரு, மியூசியத்துலயே உன்ன தூக்கிட்டாங்களா?”

“மெதுவா பேசுடா. மேனேஜர் காதுல விழுந்தா, நல்ல ஐடியான்னு எழுதி வெச்சுக்குவாரு.”

உள்ளே ஆள் ஏறி உட்காரும் அளவில் ஒரு கப்பலைச் செய்து வைத்திருந்தார்கள். அதில் இருக்கையே இல்லை. துடுப்புப் போடுகிறவன் தன் பெட்டியைத் தானே கொண்டுவந்து, அதன்மேல் உட்கார்ந்துதான் போடுவானாம். மேனேஜருக்குப் புல்லரித்துவிட்டது. எங்களைப் பெட்டிகள்மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார்.

“இறங்கச் சொன்னா பெட்டியோட இறங்கிடணும் போல” என்று நண்பன் என் காதில் முணுமுணுத்தான்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் அவன் எனக்கு முன்னால் நின்றான். தட்டினான். சிவப்பு. என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துச் சத்தமாகச் சிரித்தேன். அவன் மறுபடி தட்டினான். செக்யூரிட்டி, “சார், கொஞ்சம் ஓரமா நில்லுங்க” என்றார்.

நான் தட்டினேன். பச்சை. நெஞ்சில் குபீரென்று ஒரு சந்தோஷம். அதை மட்டும் இன்றுவரை யாரிடமும் ஜோக்காகச் சொல்ல முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் தள்ளியதால் உள்ளே போய்விட்டேன் என்று வீட்டில் சொன்னேன். யாரும் தள்ளவில்லை.

மத்தியானம் ஓர் அட்டைப்பெட்டியை என் மேசையில் வைத்தார்கள். எது எது அவனுடையது என்று எனக்குத்தான் தெரியுமாம். டம்ளர், சார்ஜர், மாதா படம், குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அடுக்கினேன்.

கீழே காத்திருந்தவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் செக்யூரிட்டியை அனுப்பினேன்.