நான்கு முடிச்சுத் தவளை

தவளையின் கால்விரல் நுனியில் துளி வெட்டி, அதன் மரபணுவைப் படித்து, எந்தத் தவளைக்கு எது பங்காளி, எது தூரத்துச் சொந்தம் என்று சொல்வது என் தொழில். என் வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் இதைத் தொழில் என்று ஒப்புக்கொண்டதில்லை. ஆய்வுக்கூடத்தில் சின்னக் குப்பிகளோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, நீங்களாவது நம்புங்கள்.

சேற்றில் நின்றவள்

ஐப்பசி மழையில் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மழைநீர்க் குட்டைக்குப் போனேன். வடசென்னைக் குட்டைகளில் இருக்கும் சின்னத் தவளைகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஒரே இனமா, வேறு வேறா என்பதை மரபணுதான் சொல்ல வேண்டும். முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டு ஏறத் தெரியாமல் நின்ற என்னைக் கைகொடுத்துத் தூக்கியவர் செல்வி அக்கா. பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்பவர். வந்த காரணத்தைச் சொன்னேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னா கண்ணு, மன்சனுக்கே சொந்தம் யாருன்னு தெரில, நீ தவளைக்கு சொந்தம் தேடிக்கினு கீறியா?"

வலை நூல்

கேலி செய்தவர்தான் அந்த மழைக்காலம் முழுக்கக் காலை வியாபாரத்தை முடித்துவிட்டு என்னோடு வந்தார். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், திருவொற்றியூர், எண்ணூர் என்று நான்கு இடங்கள். விரல் நுனியை ஸ்பிரிட் குப்பியில் போட்டுவிட்டுத் தவளையை விட்டுவிடுவேன். குப்பியின் மேல் மார்க்கரில் ஊர்ப் பெயரை எழுதுவேன். அக்கா சும்மா இருக்க மாட்டார். குப்பியின் கழுத்தில் வலை நூலைச் சுற்றி, ஊருக்கு ஒரு கணக்கில் முடிச்சுப் போடுவார். அவர்கள் குப்பத்தில் மீன் கூடைகளை அப்படித்தான் அடையாளம் வைப்பார்களாம். எழுதியிருக்கும்போது முடிச்சு எதற்கு என்று படித்த திமிரில் சிரித்தேன்.

"ஒரே ஆட்டோல பத்து வூட்டுக் கூடை போவுது. எய்தினது தண்ணி பட்டா பூடும். முடிச்சு எங்க போவும்?"

புதுச் சொந்தம்

முதல் குப்பியின் முடிவு கணினியில் வந்தது. அது தவளையே இல்லை, மனிதன் என்றது. கையுறை கிழிந்ததைக் கவனிக்காமல் வேலை பார்த்திருக்கிறேன், என் மரபணுவே உள்ளே போய்விட்டது. இந்த அவமானம் உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். என் பேராசிரியை கோபப்படவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"தவளைக் குடும்பத்துல உன்னையும் சேர்க்கணும்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

அழிந்த பெயர்கள்

பென்சிலில் எழுதிய சீட்டைக் குப்பிக்குள் போடு, ஸ்பிரிட்டில் பென்சில் அழியாது என்று பேராசிரியை தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தார். நான் சோம்பேறி. எல்லாக் குப்பிகளையும் ஒரு பெட்டியில் அடுக்கி, அதிலேயே பெரிய ஸ்பிரிட் பாட்டிலையும் வைத்திருந்தேன். மூடி தளர்ந்து ஸ்பிரிட் முழுக்க வழிந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் மார்க்கர் மை கரைந்து, ஒரு குப்பியிலும் ஊர்ப் பெயர் இல்லை.

மறுபடி போய்ப் பிடிக்கவும் வழியில்லை. எண்ணூர்க் குட்டையை அதற்குள் மண்ணடித்து மூடியிருந்தார்கள். ஆய்வேடு கொடுக்கக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் நூல் தெரிந்தது. எல்லாக் குப்பியிலும் முடிச்சு அப்படியே இருந்தது. எத்தனை முடிச்சு எந்த ஊர் என்று கேட்டுக்கூட வைத்திருக்கவில்லை, அவ்வளவு திமிர். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணு வியாசர்பாடி, ரெண்டு எம்கேபி நகரு, மூணு திருவொத்தியூரு, நாலு நம்ம எண்ணூரு. அயுவாத, மொதல்ல போயி சோறு துன்னு."

தனிக் கிளை

மரபணு முடிவுகளை வைத்துக் கணினி வரைந்த வம்ச மரத்தில் மற்ற மூன்று ஊர்த் தவளைகளும் ஒரே கொத்தில் நெருங்கி நின்றன. நான்கு முடிச்சுத் தவளைகள் மட்டும் வேறு இனம்போலத் தள்ளிப் போய்த் தனிக் கிளையாக நின்றன. அந்த மரத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு, அக்காவிடம் ஓடினேன். குட்டை இருந்த இடத்தில் லாரிகள் நின்றன. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் உங்களுடையதுதான், நீங்கள் இல்லையென்றால் இந்தக் கிளையே இல்லை என்றேன். தாளை அவர் கையில் கொடுத்தேன். அக்கா தாளில் அந்தக் கிளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு லாரிகளைப் பார்த்தார்.

"பேரு கெடக்கட்டும். அதுங்க வேற எங்கனா பொயச்சிக்கினு கீதான்னு வர்ற மயைக்கு தேடலாம், நூலு நான் எட்தாறேன்."

எந்தத் தவளை எதற்குச் சொந்தம் என்று ஓரளவு சொல்லிவிடுவேன், செல்வி அக்கா எனக்கு என்ன முறை என்று கேட்டால்தான் எந்த மரத்திலும் பதில் இல்லை.