அவள் நின்று சமைக்க ஒரு குசினி

டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பிராவின் பின்பக்கம், குசினி என்று சொல்லிக்கொள்ள ஒரு சாய்ப்பு இருந்தது. தலை தட்டுகிற தகரம், தரையில் விறகடுப்பு, ஜன்னல் கிடையாது. என் மனைவி குனிந்து உள்ளே போய், குந்தியிருந்து சமைத்துவிட்டு, குனிந்தே வெளியே வருவாள். மழை நாளில் புகை அங்கேயே சுற்றும். அவள் கண் எப்போதும் சிவந்திருக்கும். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. தேயிலை ஃபெக்டரியில் வேலை முடிந்து வருவேன், தட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கம் போய்விடுவேன்.

அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆனபோதுதான், நின்று சமைக்கிற மாதிரி ஒரு குசினி கட்டுங்கள் என்று கேட்டாள். அங்கே நின்றே பழகிவிட்டதாம், இனிக் கீழே உட்கார்ந்தால் முழங்கால் எழும்ப விடாதாம். தோட்டத்து ஆபீசில் கேட்டேன். பின்னால் எட்டடி இழுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு அவள் போட்டிருந்த லீக்ஸ் பாத்தியை எடுக்க வேண்டும். ஃபோனில் சொன்னதும், பாத்தியில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டாள். பிறகு, சரி எடுங்க என்றாள்.

பக்கத்து லயத்தில் மேசன் வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தார். இரண்டு பேருமாகச் சாய்ப்பைப் பிரித்தோம். கல் வைத்துச் சுவர் எழுப்பி, தகரத்தை உயர்த்தி, மலையைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்தோம். அடுப்புமேடை கட்டும் அன்று அவர் கேட்டார்.

"அண்ணி என்ன ஒசரம் அண்ணே?"

கையை என் தோளுக்கு நேராக வைத்தேன். இல்லை, காது வரை வருவாள் என்று உயர்த்தினேன். அதுவும் சரியாகப் படவில்லை. பதினாறு வருஷம் பக்கத்தில் இருந்தவள். எதுவரை வருவாள் என்று என் கைக்குத் தெரியவில்லை. மேசன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி நான் முன்பக்கம் போய்விட்டேன்.

மகள்தான் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். மத்தியானம் மனைவி வீடியோ கோலில் வந்தாள். பின்னால் அவள் வேலை செய்கிற வீட்டுக் குசினி பளபளவென்று தெரிந்தது. அளவு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறந்து போனதைச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, தள்ளிப் போய் மேடைக்குப் பக்கத்தில் நேராக நின்று காட்டினாள்.

"இது எனக்கு ஒசரங்க. சாயங்காலமானா தோள்பட்ட வலிக்குது. இதவிட நாலு விரல் கொறைச்சுக் கட்டச் சொல்லுங்க."

டேப் எடுத்து அளந்தும் சொன்னாள். மேசன் சுவரில் பென்சிலால் கோடு போட்டார்.

தீபாவளிக்கு வருவதாக இருந்தாள். பெயிண்ட் காய்வதற்குள், அந்தக் குவைத் வீட்டு வயசான அம்மாவுக்குச் சுகமில்லை, இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்றாள். வேண்டாம், வந்துவிடு என்று நான் சொல்லியிருக்கலாம். மகளின் படிப்பை நினைத்துச் சொல்லவில்லை. அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

அவள் கையால்தான் முதல் பால் காய்ச்ச வேண்டும் என்று குசினிக் கதவைச் சாத்தி வைத்தேன். முன்னறை மூலையில் கேஸ் அடுப்பை வைத்து ஒரு மாதம் சமைத்தோம். மகள் இதை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோல் வந்தது. குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பூட்டி வைக்கவா கட்டச் சொன்னேன்? இன்னைக்கே காய்ச்சுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மகள் ஃபோனை மேடையில் நிறுத்தினாள். கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள் அவள். பனி விலகி, எதிர்மலைத் தேயிலை பச்சையாகத் தெரிந்தது. அடுப்பை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கும்போது அங்கே யாரோ கூப்பிட்டார்கள். வாரேங்க என்று வைத்துவிட்டாள்.

இப்போது அங்கேதான் சமைக்கிறேன். ஃபெக்டரிக்குப் போகும் முன் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடிக்கிறேன். அவள் இடிக்கிற மாதிரி வருவதில்லை. மகள் குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள். அவள் அம்மா வர இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.